ஒன்றேகால் ஏக்கரில் மிஞ்சிய திராட்சை

இன்றைய எபிசோடு ஒரு சின்ன அளவில் இருந்து ஆரம்பிக்கிறது. அரை ஹெக்டேர். நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். ஒரு கால்பந்து மைதானத்தைவிடக் குறைவு. இத்தாலியின் வடமேற்கில் திமொராஸோ என்று ஒரு வெள்ளைத் திராட்சை ரகம் உண்டு. 1980களில் அது மொத்தமாக மிஞ்சியிருந்த பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான் என்கிறார்கள். அதுவும் ஒரே தோட்டமாக இல்லை. இந்தச் சரிவில் நாலு கொடி, அந்த வேலியோரம் பத்துக் கொடி, இப்படிச் சிதறிக் கிடந்தது.

இன்றைக்கு அதே குன்றுகளில் அந்த ரகம் 200 ஹெக்டேருக்கு மேல் வளர்கிறது. நடுவில் என்ன நடந்தது? அதைவிட முக்கியமான கேள்வி, அதற்கு முன்னால் என்ன நடந்து அது ஒன்றேகால் ஏக்கருக்குச் சுருங்கியது?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒயினை எப்படி ருசிப்பது, எந்த கிளாஸில் ஊற்றுவது என்று சொல்லித்தரும் எபிசோடு இல்லை இது. ஒயின் பக்கமே போகாதவர்களும் தாராளமாகக் கேட்கலாம். ஏனென்றால் இது ஒரு பயிர் எப்படிச் சாகிறது, யார் அதை உயிரோடு வைக்கிறார்கள் என்பதைப் பற்றிய கதை.

கடல் இருந்த இடம்

இத்தாலி வரைபடத்தில் மூன்று நகரங்களைக் கண்டுபிடியுங்கள். டூரின், மிலன், ஜெனோவா. மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அந்த முக்கோணத்துக்குள், பியட்மான்ட் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், தொர்தோனா என்ற ஊர் இருக்கிறது. இந்த முக்கோணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொர்தோனாவுக்கு ரோமானியர்கள் வைத்திருந்த பெயர் தெர்தோனா. கி.மு. 148-ல் ரோமானியர்கள் ஜெனோவாவில் இருந்து அக்விலேயா வரைக்கும் போட்ட வியா போஸ்தூமியா என்ற நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போனது. அப்போதிலிருந்தே இது ஆட்களும் சரக்கும் கடந்துபோகும் ஊர்.

ஆனால் இந்த ஊரின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்திருப்பது புவியியல் படித்தவர்களுக்குத்தான். பூமியின் வரலாற்றில் ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 72 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு காலகட்டத்துக்கு தொர்தோனியன் என்று பெயர். 1858-ல் கார்ல் மாயர் என்ற சுவிஸ் புவியியலாளர் இந்த ஊரை வைத்துத்தான் அந்தப் பெயரைச் சூட்டினார். அந்தக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. கடல் விலகியபோது விட்டுப்போன நீலச்சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண்தான் இன்றைக்கு இந்தக் குன்றுகளின் மண். உழுதால் சிப்பி ஓடு கிடைக்கும் மண். அதில் வளர்ந்த ரகங்களில் ஒன்றுதான் நம்ம திமொராஸோ. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் அது ஒன்றும் அபூர்வ ரகம் இல்லை. பரவலாக வளர்ந்த, எல்லோருக்கும் தெரிந்த வெள்ளைத் திராட்சை.

1879

இப்போது ஒரு வருஷத்தைச் சொல்கிறேன். 1879. அந்த வருஷம் இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, தொர்தோனாவுக்குப் பக்கத்தில் மொன்லெயாலே என்ற குட்டிக் கிராமத்தில் மாஸ்ஸா என்ற குடும்பம் தன் திராட்சைப் பண்ணையைத் தொடங்கியது.

இரண்டு, மிலனுக்கு வடக்கே வால்மத்ரேரா என்ற ஊரில் இத்தாலியின் முதல் ஃபிலோக்ஸெரா பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது.

ஃபிலோக்ஸெரா என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி. நம்ம வயல்களில் பார்க்கும் அசுவினிக்குத் தூரத்துச் சொந்தம். அமெரிக்காவில் இருந்து செடிகளோடு கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது. 1860களில் பிரான்ஸில் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. இது வேரைத் தாக்கும். வேர் வீங்கி, அழுகி, கொடி நின்ற இடத்திலேயே சாகும். மருந்தடித்துப் பார்த்தார்கள், தோட்டத்தையே வெள்ளத்தில் மூழ்கடித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் பலனில்லை.

கடைசியில் தீர்வும் அமெரிக்காவில் இருந்தே வந்தது. அமெரிக்கத் திராட்சையின் வேர் இந்தப் பூச்சிக்குப் பழகியது, தாக்குப்பிடிக்கும். அதனால் அமெரிக்க வேர்ச்செடி மேல் ஐரோப்பியக் கொடியின் குச்சியை வைத்து ஒட்டுக் கட்டினார்கள். நம்ம ஊரில் மாங்கன்று ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். கீழே அமெரிக்கா, மேலே இத்தாலி. இன்றைக்கும் உலகத்தின் பெரும்பாலான ஒயின் திராட்சைகள் இப்படி ஒட்டுக் கட்டிய செடிகள்தான்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததுதானே? பூச்சிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் புதுசாக ஒன்று முளைத்தது. மொத்தத் தோட்டத்தையும் பிடுங்கிவிட்டுத் திரும்ப நட வேண்டும். ஒவ்வொரு ஒட்டுச் செடிக்கும் காசு. புதுசாக நடும்போது ஒரு விவசாயி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: எந்த ரகத்தை ஒட்டுக் கட்டுவது?

அதுவரைக்கும் அந்தக் கேள்விக்கு அவ்வளவு அவசியம் இருந்ததில்லை. தாத்தா நட்டது இருந்தது, பேரன் பார்த்துக்கொண்டான். அங்கங்கே ஒரு கொடி செத்தால், பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்தால் போதும், புதுக் கொடி வந்துவிடும். ஃபிலோக்ஸெரா வந்த பிறகுதான் ஒவ்வொரு ரகமும் வரிசையில் நின்று, "என்னை ஏன் நட வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

திமொராஸோவிடம் நல்ல பதில் இல்லை. அது ஒரு தொல்லை பிடித்த செடி. பூ எல்லாம் காயாகாது. பழுக்கிற நேரத்தில் பழம் கொத்திலிருந்து உதிரும். ஈரம் கூடினால் அழுகல் வரும். ஒரு வருஷம் காய்க்கும், அடுத்த வருஷம் ஏமாற்றும். அதற்குப் பக்கத்திலேயே கோர்தேஸே என்ற இன்னொரு வெள்ளை ரகம் இருந்தது. ஒழுங்காகக் காய்க்கும், நிறையக் காய்க்கும், சொன்ன பேச்சு கேட்கும். இருக்கிற கொஞ்சக் காசில் செடி வாங்கும் ஒரு குடும்பம் எதை நடும்? நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால் கோர்தேஸேதான் நட்டிருப்போம்.

ஒன்றைக் கவனியுங்கள். திமொராஸோவை யாரும் வெறுக்கவில்லை, தடை செய்யவில்லை. பூச்சிகூட அதை மட்டும் தனியாகக் குறிவைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக, நியாயமாக எடுத்த ஒரு முடிவு. நூற்றுக்கணக்கான நியாயமான முடிவுகள் சேர்ந்து ஒரு ரகத்தை முடித்துவைக்கப் பார்த்தன.

ஓவியமும் சைக்கிளும்

இனி, செடியை விட்டு ஆட்களைப் பார்ப்போம்.

மொன்லெயாலேவுக்குப் பக்கத்திலேயே வொல்பேதோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1868-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜுசெப்பே பெல்லிட்ஸா. ஓவியர். அவர் 1901-ல் முடித்த ஓவியத்தை நீங்கள் கண்டிப்பாக எங்கேயாவது பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமல் இருக்கலாம். பெரிய கூட்டம் ஒன்று நம்மை நோக்கி நடந்துவரும். முன்னால் இரண்டு ஆண்கள், பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். உழைக்கும் மக்கள், அமைதியாக, ஆனால் நிற்காமல் வருகிறார்கள். ஓவியத்தின் பெயர் 'நான்காம் வர்க்கம்'. பெர்தொலுச்சி தன் '1900' படத்தின் டைட்டிலுக்கு இந்த ஓவியத்தைத்தான் பயன்படுத்தினார்.

அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் கற்பனை மனிதர்கள் இல்லை. வொல்பேதோ ஊர்க்காரர்களைத்தான் பெல்லிட்ஸா மாடலாக நிற்கவைத்து வரைந்தார். குழந்தையோடு வரும் பெண்ணுக்கு மாடல் அவருடைய மனைவி தெரேசா. அதாவது, நம்ம கதையில் எந்த ரகத்தை நடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே குன்றுகளின் மனிதர்கள், அதே காலத்தில், ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் 5 மீட்டருக்கு மேல் அகலமும் உள்ள துணியில் நம்மைப் பார்த்து நடந்துவருகிறார்கள். எங்கே போகிறார்கள்? ஓவியத்தில் அவர்கள் உரிமை கேட்டு வருகிறார்கள். வரலாற்றில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நகரத்துக்குப் போனார்கள்.

இதே குன்றுகளில் காஸ்தெல்லானியா என்று இன்னொரு கிராமம். 1919-ல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான். பக்கத்து டவுனில் கறிக்கடையில் வேலை, சைக்கிளில் வீடு வீடாக டெலிவரி. அந்த டெலிவரி பையன்தான் ஃபாவுஸ்தோ கோப்பி. இத்தாலியின் ஜீரோ பந்தயத்தை 5 முறையும், டூர் டி பிரான்ஸை 2 முறையும் ஜெயித்தவர். 1960-ல், 40 வயதில், மலேரியாவில் இறந்துபோனார். அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது, 2019-ல், கிராமத்தின் பெயரையே காஸ்தெல்லானியா கோப்பி என்று மாற்றிவிட்டார்கள்.

கோப்பி குன்றிலிருந்து இறங்கிப் போனது சைக்கிளில். மற்றவர்கள் ரயிலில் போனார்கள். முக்கோணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? டூரின், மிலன், ஜெனோவா மூன்றும் சேர்ந்ததுதான் இத்தாலியின் தொழில்துறை முக்கோணம். கார், எஃகு, துறைமுகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெற்கு இத்தாலியில் இருந்து ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். தொர்தோனா பையனுக்கு அதெல்லாம் பக்கத்து ஸ்டேஷன். மாதச் சம்பளம், ஞாயிறு லீவு. வருஷம் பூராவும் சரிவில் குனிந்து நின்று கொடி வெட்டும் வேலையோடு ஒப்பிட்டால், யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆள் குறைந்தால் முதலில் கைவிடப்படுவது எது? அதிக வேலை வாங்கும் செடி. செங்குத்தான சரிவு. திமொராஸோ இரண்டிலும் இருந்தது.

டாமிஜானா காலம்

தங்கிய குடும்பங்கள் என்ன செய்தன? ஒயின் செய்து மொத்தமாக விற்றன. டாமிஜானா என்று ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை உண்டு. குண்டு வயிறு, சின்னக் கழுத்து, சுற்றிலும் கூடைப் பின்னல். வழக்கமான அளவு 54 லிட்டர். மிலனிலும் ஜெனோவாவிலும் இருந்து ஆட்கள் வருவார்கள், குடுவையில் நிரப்பி எடுத்துப் போவார்கள், வீட்டில் பாட்டிலில் ஊற்றிக்கொள்வார்கள். லேபிள் கிடையாது, வருஷம் கிடையாது, ரகத்தின் பெயரும் கிடையாது. வெள்ளையா சிவப்பா, லிட்டர் எவ்வளவு, அவ்வளவுதான் பேச்சு.

லிட்டர் கணக்கில் விலை என்றால், நிறையக் காய்க்கும் கொடிதான் நல்ல கொடி. தரம் பார்த்து ஒரு லிரா கூடக் கிடைக்காது. 1963-ல் இத்தாலி ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த ஊர் ஒயின், எந்த ரகம், எப்படிச் செய்தது என்று வரையறுத்து முத்திரை கொடுக்கும் சட்டம். அந்த முத்திரையின் சுருக்கப் பெயர் டி.ஓ.சி. 1970களின் முதல் பாதியில் தொர்தோனா குன்றுகளுக்கும் அது கிடைத்தது, பக்கத்தில் காவி என்ற ஊருக்கும் கிடைத்தது. பெயர்தான் காவி, ஒயின் வெள்ளை. முழுக்க கோர்தேஸே ரகம். காவி ஒயினுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏற ஏற, கோர்தேஸேவுக்கு இன்னொரு பலம் சேர்ந்தது. திமொராஸோவின் கொஞ்சநஞ்சப் பழமும் மற்ற வெள்ளைப் பழங்களோடு ஒரே தொட்டியில் விழுந்து, பெயரில்லாமல் கரைந்துகொண்டிருந்தது.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். பழம் இருக்கிறது, ஆனால் அந்தப் பழத்தை மட்டும் தனியாகப் பிழிந்தால் என்ன ருசி வரும் என்று தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கொடி சாவதற்கு முன்னாலேயே ருசி செத்துவிடும்.

1986

பிறகு வந்தது 1986 மார்ச்.

மெத்தனால் என்றால் நமக்குக் கள்ளக்குறிச்சி ஞாபகம் வரும். அதே விஷம்தான். பியட்மான்ட்டில் சிலர் மலிவு ஒயினில் ஆல்கஹால் அளவைக் கூட்டிக்காட்ட மெத்தனாலைக் கலந்தார்கள். காரணம் வெறும் விலை. மெத்தனால் மீதான வரி குறைந்து, ஒயினின் அளவைக் கூட்ட அதுதான் மிக மலிவான வழி என்று ஆகியிருந்தது. 23 பேர் செத்தார்கள். பலருக்குப் பார்வை போனது. ஒரே வருஷத்தில் இத்தாலியின் ஒயின் ஏற்றுமதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. தப்பே செய்யாத ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஒயினும் எல்லையில் நிறுத்தப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டது.

லிட்டர் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த வசந்தகாலம் காட்டிவிட்டது. யார் செய்தது, எந்தத் தோட்டம், எந்தப் பழம் என்று சொல்ல முடியாத ஒயினை யாரும் தொடப் பயந்தார்கள். இத்தாலிய ஒயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் 1986-ஐ ஒரு கோடாகப் போடுகிறார்கள். அதற்குமுன் அளவு, அதற்குப்பின் தரம் என்று. இவ்வளவு சுத்தமாக வரலாறு பிரியாது, அதற்கு முன்னாலும் தரமான ஒயின் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பெயரும் முகவரியும் உள்ள ஒயினுக்கு ஒரு விலை உண்டு என்ற எண்ணம் சின்னக் குடும்பங்கள் வரைக்கும் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

1987

அடுத்த வருஷம், மொன்லெயாலேயில், அந்த 1879 மாஸ்ஸா பண்ணையின் புதுத் தலைமுறை ஆள் ஒருவர் ஒரு வேலை செய்தார். பெயர் வால்டர் மாஸ்ஸா. தன் தோட்டத்தில் மிஞ்சியிருந்த திமொராஸோ பழத்தை மட்டும் பிரித்தெடுத்தார். மற்றதோடு கலக்காமல் தனியாகப் பிழிந்தார். தனியாக நொதிக்கவிட்டார். கிடைத்தது சில நூறு பாட்டில்கள்தான்.

சில நூறு பாட்டில் என்பது வியாபாரம் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் தீர்ந்துவிடும். ஆனால் அந்தப் பாட்டில்களில் ஒரு தகவல் இருந்தது. மறந்துபோயிருந்த அந்த ருசி எப்படி இருக்கும் என்பதற்கு விடை கிடைத்தது. நல்ல புளிப்பு, கனமான உடம்பு, தேன் வாசம். எல்லாவற்றையும்விட ஆச்சரியம், அது பாட்டிலுக்குள் வயதாக ஆக நன்றாக மாறியது. வெள்ளை ஒயின் என்றால் வாங்கிய வருஷமே குடித்து முடிக்க வேண்டியது என்றுதான் அப்போது பொதுவான எண்ணம். திமொராஸோ பத்து வருஷம் தாண்டியும் நிற்கும். ஜெர்மனியின் ரீஸ்லிங் ஒயினில் வருஷம் போகப்போக வரும் அந்த விசித்திரமான மண்ணெண்ணெய்ச் சாயல் இதிலும் வரும். கேட்க ஒருமாதிரி இருக்கும், ஆனால் ஒயின் ரசிகர்கள் அதற்காகவே தேடி வாங்குவார்கள்.

மாஸ்ஸா இதை வெள்ளை ஒயின் மாதிரி அவசரமாக நடத்தவில்லை. அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் ஊறவிட்டார். அறுவடை முடிந்து ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்துதான் வெளியே விட்டார். பிறகு வெறும் திமொராஸோவுக்கென்றே சரிவுகளைத் தேர்ந்தெடுத்து நட ஆரம்பித்தார். அதில் ஒரு தோட்டத்தின் பெயர் கோஸ்தா தெல் வெந்தோ. 'காற்றடிக்கும் சரிவு' என்று அர்த்தம். அழுகலுக்குப் பயப்படும் கொடிக்குக் காற்று ஒரு மருந்து.

இங்கே நான் ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். இந்த மாதிரிக் கதைகளை "தனி மனிதன் பாரம்பரியத்தைக் காப்பாற்றினான்" என்று சினிமாவாகச் சொல்வது சுலபம். கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். மாஸ்ஸா பண்ணையில் வேறு திராட்சையும் இருந்தது. முக்கியமாக, இந்தப் பகுதியின் முதன்மைச் சிவப்பு ரகமான பார்பேரா. திமொராஸோ தோற்றிருந்தால் அடுப்பு அணைந்திருக்காது. ஒரு பெரிய கம்பெனியில் இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? சந்தை இல்லாத பெயர், ஏமாற்றும் மகசூல், ஒரு வருஷத்துக்கு மேல் முடங்கும் பணம். முதல் மீட்டிங்கிலேயே தூக்கிப்போட்டிருப்பார்கள். சின்னக் குடும்பப் பண்ணையில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், வீட்டில் திட்டு வாங்கினால் போதும். சிறியதாக இருப்பதும், வேறொரு பயிர் சோறு போடுவதும் சேர்ந்துதான் அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்தது என்பது என் கணிப்பு.

ஊரின் பெயர்

1990களிலும் 2000களிலும் மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கிளாவுதியோ மரியோத்தோ, லா கொலொம்பேரா பண்ணையின் செமீனோ குடும்பம், இப்படி. இவர்கள் ஒரே குன்றுகளில் ஒரே சந்தைக்குப் போட்டியாளர்கள். ஆனால் பெயரே தெரியாத ரகத்தை ஒருத்தர் மட்டும் செய்தால் அது விநோதம், பத்துப் பேர் செய்தால்தான் அது ஒரு ஊரின் ஒயின். இது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அப்போதுதான் பெயர் விஷயம் வருகிறது. லேபிளில் திமொராஸோ என்று போடலாம். அதில் ஒரு ஆபத்து. திராட்சை ரகத்தின் பெயரை யார் வேண்டுமானாலும் போடலாம். ஷார்டனே பிரான்ஸில் ஒரு மூலையில் இருந்து கிளம்பி இன்றைக்கு ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா, சிலே என்று எங்கும் வளர்கிறது. திமொராஸோ புகழ் பெற்றால் அதையும் எங்கே வேண்டுமானாலும் நடலாம். ஆனால் ஊரை யாரும் பிடுங்கிக்கொண்டு போய் நட முடியாது. அதனால் மாஸ்ஸா ரோமானியர் காலப் பெயரைத் தூசி தட்டி எடுத்தார். தெர்தோனா. இன்றைக்கு இந்தக் குன்றுகளின் திமொராஸோ ஒயினுக்கு எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் பெயர் அதுதான். 2,000 வருஷப் பழைய பெயரை எடுத்து, எதிர்காலத்துக்கு வேலி கட்டியிருக்கிறார்கள்.

தப்பித்தவர்கள்

இது ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. இத்தாலியில் அதிகாரபூர்வமாகப் பதிவான ஒயின் திராட்சை ரகங்களே 500-க்கு மேல். அதில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி யாரோ ஒருத்தர் இருக்கிறார். இதே பியட்மான்ட்டில் அர்னேஸ் என்ற வெள்ளை ரகம் மறைந்துகொண்டிருந்தபோது, 1967-ல் வியெத்தி பண்ணையின் அல்ஃப்ரேதோ குர்ராதோ ஊர் ஊராகப் பழம் சேகரித்துத் தனி ஒயினாகச் செய்தார். ரூக்கே என்ற சிவப்பு ரகத்தை 1960களில் மீட்டவர் ஒரு கிராமத்துப் பாதிரியார், ஜாக்கோமோ காவுதா. கிழக்குக் கடற்கரைப் பக்கம், பெக்கொரீனோ ரகத்தை 1980களில் மலைக்கிராமத்துப் பழைய கொடிகளில் இருந்து குச்சி வெட்டிவந்து மீட்டவர் குய்தோ கோச்சி கிரிஃபோனி.

இந்தப் பட்டியலைக் கேட்கும்போது சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இது தப்பித்தவர்களின் பட்டியல். எந்தெந்த ரகங்களுக்கு ஒரு மாஸ்ஸாவோ ஒரு பாதிரியாரோ கிடைக்கவில்லையோ, அவற்றின் பெயரைச் சொல்ல இன்றைக்கு ஆளில்லை. அதனால் அவற்றைப் பற்றி எபிசோடும் இல்லை.

ஜெயித்த பிறகு

முடிக்கும் முன், கதையின் கடைசித் திருப்பம். திமொராஸோ ஜெயித்துவிட்டது. ஜெயித்தது பக்கத்துப் பணக்காரர்களின் காதுக்கும் எட்டிவிட்டது. தொர்தோனாவுக்கு மேற்கே, இதே மாநிலத்தில், இத்தாலியின் மிக விலையுயர்ந்த சிவப்பு ஒயின்களில் ஒன்றான பரோலோ வரும் குன்றுகள் இருக்கின்றன. அங்கே நிலத்தின் விலை சாதாரண மனிதர் யோசிக்க முடியாத உயரத்தில். அங்குள்ள புகழ்பெற்ற பண்ணைகள், போர்கோன்யோ, லா ஸ்பினெத்தா மாதிரிப் பெயர்கள், இப்போது தொர்தோனா பக்கம் வந்து திமொராஸோ செய்கின்றன. அர்னேஸைக் காப்பாற்றிய அதே வியெத்தியும் வந்திருக்கிறது.

இதில் நல்லது இருக்கிறது. பெரிய பெயர்கள் வந்தால் ரகத்துக்கு உலகச் சந்தை. இனி அது ஒன்றேகால் ஏக்கருக்குத் திரும்பாது. ஆனால் நிலம் விலையேறினால், காஸ்தெல்லானியாவில் பிறக்கும் அடுத்த விவசாயி வீட்டுப் பிள்ளை அதே குன்றில் நிலம் வாங்க முடியுமா? எல்லோரும் திமொராஸோவையே நட்டால், லாபம் குறைந்த அடுத்த உள்ளூர் ரகம் வரிசையில் எங்கே நிற்கும்? 1900களில் கோர்தேஸேவுக்கு ஆதரவாக இருந்த அதே கணக்கு, இன்றைக்கு திமொராஸோவுக்கு ஆதரவாக இருக்கிறது. கணக்கு மாறவில்லை, உட்கார்ந்திருக்கும் ஆள் மாறியிருக்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் மனதில் நிற்பது இதுதான். திமொராஸோவை ஒன்றேகால் ஏக்கருக்குக் கொண்டுவந்தது ஒரு பூச்சி என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, அதை நடுவதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. பழையது என்பதற்காக ஒரு பயிர் பிழைக்காது. அருங்காட்சியகத்தில் பத்துக் கொடியை வேலி போட்டு வைக்கலாம், ஆனால் ஒரு குடும்பம் அதை வைத்து வாழ முடிந்தால்தான் அது வயலில் இருக்கும். 1987-ல் மாஸ்ஸா செய்ததும் அதுதான். பழைய ரகத்தை நடுவதற்கு ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்தார்.

அந்தச் சரிவுகளில் இன்றைக்கும் காற்றடிக்கிறது. கீழே பழைய ரோமானியச் சாலையின் தடத்தில் லாரிகள் போகின்றன. மண்ணைக் கிளறினால் இன்னும் சிப்பி ஓடு வருகிறது.

இந்த எபிசோடு பிடித்திருந்தால், ஊருக்கு போன் போட்டு உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க சின்ன வயசுல சாப்பிட்டு, இப்போ எங்கேயும் கிடைக்காத ஒரு காயோ பழமோ அரிசியோ எது?" பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.